கிரி மாமா விட்டு வந்த குடை

சென்ற வருடம் ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு, உயர்தர வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் ஆரம்பப் பிரிவுக்குச் சென்று கதை வாசிக்க வேண்டும் என்று எமது தமிழ் டீச்சர் ஒழுங்கு செய்தார். எனக்குக் கிடைத்தது தரம் 2. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை, முப்பத்தாறு பிள்ளைகள். வீட்டில் நான் கடைக்குட்டி. எனக்கு இளையவர்கள் யாரும் இல்லாததால் கதை சொல்லிப் பழக்கமே இல்லை. ஆனாலும் உயர்தரம் முடிந்ததும் கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆரம்பக் கல்வி ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதனால் டீச்சர் கேட்டவுடன் முதலாவதாகக் கையை உயர்த்தியவள் நான்தான்.

புத்தகத்தை நூலகத்தின் கீழ்த்தட்டில் கண்டெடுத்தேன். அட்டையில் மண்ணிறக் கடதாசி உறை. உள்ளே திறந்தால் நிறம் நிறமாகக் குடைகள். சிபில் வெத்தசிங்ஹ எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா'. 'குட' என்றால் குடை, 'ஹொரா' என்றால் கள்ளன். 1956ஆம் ஆண்டு வெளிவந்த புத்தகம் இது. என் உம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலம். பிறகு பல மொழிகளுக்குப் போனது. ஜப்பானில் பிள்ளைகள் இதை விரும்பி வாசித்தார்கள், அங்கே பரிசும் கிடைத்தது. எழுதியவர் காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையில் 1927இல் பிறந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து வளர்ந்தவர். 2020இல் காலமாகும் வரைக்கும் பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சின்னக் கிராமம். அங்கே யாரும் குடையைக் கண்டதில்லை. மழை வந்தால் வாழையிலை, சேம்பிலை, சாக்கு என்று கையில் கிடைத்ததைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஊர்க் கிரி மாமா ஒரு நாள் பட்டணத்துக்குப் போகிறார். அங்கே குடைகளைக் கண்டு அதிசயப்பட்டு ஒன்றை வாங்கி வருகிறார். ஊருக்கு வந்து பஸ்ஸால் இறங்கியதும், குடையை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டுக் கோப்பிக் கடைக்குள் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போய்விடுகிறது. இப்படியே பல குடைகள் களவு போகின்றன. கடைசியில் ஓர் உபாயம் செய்கிறார். குடையின் மடிப்புகளுக்குள் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அந்தக் குடையும் களவு போகிறது. ஆனால் இந்த முறை துண்டுகள் வழி நெடுக விழுந்து கிடக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் போனால், ஒரு மரத்தில் அத்தனை குடைகளும் தொங்குகின்றன! கிரி மாமா எல்லாவற்றையும் எடுக்கிறார், ஒன்றைத் தவிர. அதைக் கள்ளனுக்கென்று விட்டுவிட்டு வந்து, ஊரில் குடைக்கடை போடுகிறார். கள்ளன் ஒரு குரங்கு என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வருகிறது.

இதை வகுப்பில் சொல்வது இலேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலாவது வியாழக்கிழமை. நான் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வசனமாகச் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் கருத்துச் சொன்னேன். என் சிங்களம் சாதாரண தரப் பரீட்சைக்குப் போதுமான சிங்களம். இடையிடையே சொல் தெரியாமல் நின்றேன். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் புத்தகத்தைத் திருப்பி ஒரு நிமிடம் படத்தைக் காட்டினேன். பின் வாங்கில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "தாத்தா, எனக்கு விளங்கல்ல, எனக்கு விளங்கல்ல" என்று சத்தம். அதை அடக்குவதற்காகக் கரும்பலகையில் 'களவு கூடாது' என்று பெரிதாக எழுதினேன். நான் படித்த காலத்தில் எல்லாக் கதையின் முடிவிலும் டீச்சர்மார் இப்படி ஒன்று எழுதுவார்கள். எழுதினால்தான் பாடம் முடிந்த மாதிரி.

பிறகு திரும்பி நின்று கேட்டேன்: "சரி, யார் கள்ளன்?"

குரங்கு என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். சில பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல், "கள்ளி ஈக்கி தாத்தா, எங்கட வகுப்பிலயும் ஈக்கி" என்றது. நாலைந்து விரல்கள் மூன்றாவது வாங்கை நோக்கி நீண்டன. அங்கே இருந்த பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மேசையில் தலையை வைத்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது. மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை.

வகுப்பாசிரியை பிறகு விபரம் சொன்னார். இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிள்ளையின் அழிறப்பர் தொலைந்திருக்கிறது. ஸ்ட்ரோபெரி பழத்தின் உருவமும் வாசமும் உள்ள அழிறப்பர். வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பியதாம். தேடியும் கிடைக்கவில்லை. அந்த மூன்றாம் வாங்குப் பிள்ளை அதை ஒரு தடவை வாங்கி மணந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. வகுப்பாசிரியை ஏசியிருக்கிறார், புத்தி சொல்லியிருக்கிறார். பெயர் அவர் முன்னால் மறைந்து அவர் இல்லாத இடத்தில் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வந்து அதைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் நித்திரை கொண்டேன். காலையில் எழுந்தவுடன்தான் அந்தக் குனிந்த தலை ஞாபகம் வந்தது. புத்தகத்தை மாற்றிவிடுவோம், முயலும் ஆமையும் போல ஏதாவது எடுத்துக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தேன். உம்மாவிடம் சொன்னபோது அவரும், "அந்தக் கதையே சரியில்லயே மகள். கள்ளனுக்கு ஒரு குடைய விட்டுட்டு வாறது என்ன பழக்கம்? புள்ளைகள் என்ன படிக்கும்?" என்றார்.

உம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் புத்தகத்தை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். "குரங்குக்குத்தானே உம்மா விட்டார், குரங்குக்குக் களவெண்டா என்னெண்டு தெரியுமா" என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் பக்கங்களின் ஒழுங்கு அப்படி இல்லை. கிரி மாமா குடையை விட்டு வரும்போது அவருக்குக் கள்ளன் யாரென்று தெரியாது. மனிதனா மிருகமா என்றுகூடத் தெரியாது. யாரென்று தெரியாத ஒருவருக்கு ஒரு குடையை விட்டுவிட்டு நடந்துவிடுகிறார். குரங்கு வருவது பிறகு. நான் வகுப்பில் "கடைசியில் பார்த்தா ஒரு குரங்கு" என்று ஓரிடத்தில் முன்கூட்டியே உளறி, இந்த இடத்தைப் பாழாக்கியிருந்தேன். படப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புவதுதான் பாதிக் கதை. அந்தக் கதைக்குள் 'களவு கூடாது' என்ற வசனம் எங்கேயும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒட்டியது நான்.

உம்மா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "எண்டாலும்" என்றார். அந்த 'எண்டாலும்' இன்றுவரை எங்கள் வீட்டில் இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியையிடம் கேட்டு இரண்டு மாற்றங்கள் செய்தேன். முதலாவது, இருக்கும் இடம். ஒரே புத்தகம், முப்பத்தாறு பிள்ளைகள். எனவே பன்னிரண்டு பன்னிரண்டாகப் பாயில் நெருக்கமாக இருத்தி, மற்றவர்களுக்கு வகுப்பாசிரியை வரைய வேலை கொடுத்தார். புத்தகம் என் கன்னத்துக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகளின் பக்கம். நான் எழுத்தைப் பார்க்காமலே கதை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். இரண்டாவது, நான் வாய் திறப்பதற்கு முன் அவர்கள் பார்ப்பதற்கு நேரம். முதல் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது வாசிப்பதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. "அந்தாளுட தலையில சாக்கு!" "எங்கட வாப்பும்மாவும் அப்படித்தான் கோழிக் கூட்டுக்குப் போற." "சேம்பிலைல தண்ணி ஒட்டாது தாத்தா, உருளும்." முதல் கிழமை ஒரு வசனத்தில் நான் தாண்டிப் போன படத்தில் ஐந்து நிமிடம் நின்றார்கள். வெளியிலும் அப்போது பின்னேர மழை பெய்துகொண்டிருந்தது, ஒக்டோபர் மழை. வகுப்புக்கு வெளியே சுவரோரம் அவர்களுடைய குடைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குடையே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அவர்களை நினைக்க வைக்க வேறு உதவி தேவைப்படவில்லை.

சிங்களம் என்பதால் கஷ்டமாக இருக்கும் என்று நான் பயந்த இடத்தில் அவர்கள் விளையாடத் தொடங்கினார்கள். குட, குடை. கடே, கடை. மாமா இரண்டிலும் மாமாதான். "கிரி எண்டா பால்" என்று ஒருத்தி சொல்ல, "பால் மாமா! பால் மாமா!" என்று வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர் கடைத்தெருவில் நாளாந்தம் கேட்கும் சொற்கள்தானே. இரண்டாம் மொழிப் பாடத்தில் பிழை வந்துவிடுமோ என்று வாயைத் திறக்காத பிள்ளைகள், ஒவ்வொரு முறை குடை காணாமல் போகும்போதும், "குட கோ?" என்று ஒன்றாகக் கேட்டார்கள். 'குடை எங்கே?' என்பதுதான் அது. இதை நான் திட்டமிடவில்லை. ஒருத்தி தொடங்கினாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வரும் கதைகளை இந்த வயதுக்குத் தெரிவு செய்ய வேண்டும் என்பதன் காரணம் இதுதான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவுடன் பிள்ளை கதைக்குள் வந்து கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது.

கடதாசித் துண்டு வந்த இடத்தில் தடைப்பட்டது. துண்டு எப்படிக் கள்ளனைக் காட்டிக்கொடுக்கும் என்று பலருக்கு விளங்கவில்லை. எனக்கு இது சந்தோசம். வாயால் விளக்காமல், அடுத்த கிழமை செய்து பார்ப்போம் என்று புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே மூடிவிட்டேன். "தாத்தா, செல்லுங்க, யாரெண்டு செல்லுங்க" என்று வாசல்வரை வந்தார்கள். முதல் கிழமை நான் உளறியது பின்வாங்குக்காரர்களுக்குக் கேட்டிருக்கவில்லை. கேட்டவர்களும், சொன்னால் விளையாட்டு கெட்டுவிடும் என்று அறிந்தவர்கள்போல் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்றாம் வியாழக்கிழமை. முதலில் என்னுடைய மடக்குக் குடைக்குள் துண்டுகளைப் போட்டுச் சுற்றிக் கட்டி நடந்து காட்டினேன். ஒரு துண்டும் விழவில்லை! இந்தக் காலத்துக் குடைகள் இறுக்கமாகக் கட்டப்படுபவை. நல்லவேளையாக வாப்பாவின் நீண்ட கறுப்புக் குடையையும் கொண்டு போயிருந்தேன். கட்டாமல், தலைகீழாகத் தோளில் வைத்து நடந்தபோது துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகத்தில் அது விளங்கிய கணம் அப்படியே தெரிந்தது. அன்று மழை இல்லை. வகுப்பு வாசலிலிருந்து நூலகத்தைச் சுற்றி மாமரம்வரை துண்டுகளைப் போட்டு வைத்திருந்தோம். மரத்தின் தாழ்ந்த கிளைகளில் ஒன்பது குடைகள், எங்கள் உயர்தர வகுப்புத் தோழிகளின் உபயம்.

தடத்தைப் பார்த்து முன்னால் போக ஒருவர் வேண்டும். வகுப்பாசிரியை ஒன்றும் சொல்லாமல் மூன்றாம் வாங்குப் பிள்ளையின் தோளில் கை வைத்தார். அவள் குனிந்தபடியே நடந்தாள். ஆனால் அந்தக் குனிவு வேறு. ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி மற்றக் கையில் சேர்த்துக்கொண்டு போனாள். நூலக மூலையில் காற்றுக்குச் சில துண்டுகள் பறந்துவிட்டதால் தடம் அறுந்தது. பின்னால் வந்த முப்பத்தைந்து பேரும் நின்றுவிட்டார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, தண்ணீர்க் குழாயடியில் ஒட்டிக்கிடந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து, "இந்தா! இங்கால!" என்று கத்தினாள். அவளுடைய குரலை அன்றுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மரத்தடியில் எல்லாரும் இருந்த பிறகு, ஒரு குடையை விட்டு எட்டை மட்டும் கழற்றினேன். ஏன் என்று அவர்களே கேட்டார்கள். கிரி மாமா ஒன்றை விட்டுவிட்டுப் போனார், நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

இந்த இடத்தில் சரியான விடை ஒன்றை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தே எதைச் சொன்னால் "வெரி குட்" கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு உண்மையில் விடை தெரியாமல் இருந்தது உதவியாகப் போய்விட்டது. "மறந்து வச்சிட்டார்" என்றாள் ஒருத்தி. "கள்ளன் திரும்ப வரும்போது பிடிக்கிறதுக்கு" என்றாள் இன்னொருத்தி. அவளுடைய வாப்பா பொலிஸ் என்று பிறகு அறிந்தேன். "குடைக்கடை போடுற அளவுக்குக் குடை சேர்த்துக் கொடுத்ததுக்குத் தேங்ஸ்" என்றாள் ஒரு கெட்டிக்காரி. வாதம் சூடாக நடந்தது. "களவெடுத்தவங்களுக்கு ஒண்டும் குடுக்கப்படாது" என்று ஜன்னல் பக்கத்துப் பிள்ளை உறுதியாகச் சொன்னாள். நான் அவளையும் மறுக்கவில்லை. என் உம்மாவின் கட்சிதானே.

மூன்றாம் வாங்குப் பிள்ளை கையிலிருந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "யாரெண்டு இன்னம் தெரியாதுதானே தாத்தா. களவெடுத்தாங்களா, சும்மா எடுத்துப் பார்த்தாங்களா எண்டு எப்படித் தெரியும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பாசிரியையும் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் நெருங்கி இருந்துகொண்டாள். அவ்வளவுதான் நான் கண்டது. பிறகு பக்கத்தைத் திருப்பினேன். குரங்கு! "இது பாணந்துறையில கரண்ட் கட் பண்ணின குரங்கு" என்று ஒரு குரல். 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருளானது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்தானே. அதற்குப் பிறகு சத்தத்தை அடக்க முடியவில்லை.

நாலாவது கிழமை எழுத்து வேலை. சிபில் வெத்தசிங்ஹ தம் கடைசிக் காலத்தில் 'வொண்டர் கிறிஸ்டல்' என்ற கதையை எழுதி, முடிவை நாட்டுப் பிள்ளைகளிடமே விட்டார். அவர்கள் அனுப்பியவற்றிலிருந்து 1,250 முடிவுகளைச் சேர்த்து வந்த புத்தகம் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. இதை நான் பிள்ளைகளிடம் சொன்னபோது, "எங்களாலயும் ஏலும்" என்றார்கள். முப்பத்தாறு முடிவுகள் வந்தன. எழுதத் தெரியாதவர்கள் வரைந்தார்கள், நான் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் குரங்கு குடைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து சம்பளமாக வாழைப்பழம் வாங்குகிறது. ஒன்றில் கிரி மாமா காட்டிலேயே கோப்பிக் கடை போடுகிறார். சிலவற்றில் எழுத்துப் பிழை நிறைய. நான் சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. அது சரியா பிழையா என்று டீச்சர்மார்தான் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒன்று. சிங்களம் தெரியாது, வாசிக்க நேரமில்லை என்று இப்படியான புத்தகங்களைத் தள்ளி வைக்காதீர்கள். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். பிள்ளையை மடியில் வைத்துப் படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத சிங்களச் சொல்லைப் பிள்ளை உங்களுக்குப் படிப்பித்தால் விட்டுக்கொடுங்கள். அதைவிடப் பெரிய சந்தோசம் அந்த வயதில் அவர்களுக்கு இல்லை. முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன படித்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மறுபடியும் வாசிக்கச் சொன்னால் வாசியுங்கள், அலுப்பாக இருந்தாலும்.

எங்கள் நூலகப் பிரதியின் முதுகு இப்போது இரண்டு இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. தரம் 2 பிள்ளைகள் வரிசை வைத்து வீட்டுக்குக் கொண்டு போய் வருகிறார்கள். அழிறப்பர் இன்றுவரை கிடைக்கவில்லை. கடைசி நாள் நான் விடைபெறும்போது, அதைப் பறிகொடுத்த பிள்ளை என்னிடம் வந்து, "தாத்தா, அத குரங்கு கொண்டு போயிருக்கும்" என்றாள். பக்கத்தில் நின்ற மூன்றாம் வாங்குப் பிள்ளை, "மணந்து பார்க்கத்தான்" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே குடைகளை எடுக்க ஓடினார்கள்.